அஞ்சலை மைக் பிடித்த நாள்

நான் மைக் செட் போடுகிறவன். நைனார்பாளையத்தைச் சுற்றி எங்கே கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுதல் என்றாலும் பெரும்பாலும் என் ஹார்ன் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். சத்தத்தால் பிழைக்கிற எனக்கு, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஓர் இடத்தில் நோய் வந்தது. மலக்குடலில், ஆசனவாய்க்குச் சற்று மேலே. இப்போது இதை எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. அந்தக் கூச்சத்தைப் போக்கியது யார் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தபோது நான் பயப்படவே இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: மூலம். விடிய விடிய ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் கண் விழித்து உட்கார்ந்திருப்பவனுக்கு மூலச்சூடு வராமல் வேறென்ன வரும் என்று நானே டாக்டராகித் தீர்ப்பும் சொல்லிவிட்டேன். பத்தியத்தை ஏற்றுக்கொண்டவள் என் மனைவி அஞ்சலை. கருணைக்கிழங்கு மசியல், கருணைக்கிழங்கு குழம்பு, கருணைக்கிழங்கு வறுவல், நடுவில் ஒரு நாள் துத்திக்கீரை, மறுபடி கருணைக்கிழங்கு.

"சந்தையில கெழங்குக்காரம்மா என்னைய சம்மந்தி மாதிரி விசாரிக்குதுங்க. இன்னும் எத்தினி நாளைக்கு இந்தக் கெழங்கு?" என்பாள்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் இப்படி ஓடியது. மூலம், பவுத்திரம் என்று மஞ்சள் போர்டு வைத்திருந்த ஒருவரிடம் லேகியமும் வாங்கித் தின்றேன். வேட்டி இடுப்பில் நிற்காமல் போனது. வெளிக்குப் போய்விட்டு வந்தாலும் போகாத மாதிரியே இருந்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கொல்லைக்கு நடந்தேன். கடைசியில் அஞ்சலைதான் என்னைத் திட்டிக் கள்ளக்குறிச்சிக்கு இழுத்துப்போனாள். அங்கிருந்த டாக்டர் ஒரு கையுறையைப் போட்டுக்கொண்டு, என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, விரலை விட்டுப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. "இது மூலம் இல்லைங்க" என்றார். படிக்கிறவர்களில் யாருக்காவது ரத்தம் போய்க்கொண்டிருந்தால், தயவுசெய்து அந்த அரை நிமிஷத்துக்கு வெட்கப்படாதீர்கள். கருணைக்கிழங்கு எங்கேயும் ஓடிப்போகாது.

அவர் சேலத்துக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே வயிற்றைச் சுத்தமாகக் கழுவ மருந்து கொடுத்து, பின்பக்கமாக கேமரா வைத்த ஒரு மெல்லிய குழாயை விட்டுக் குடலைப் பார்த்தார்கள். கொலனோஸ்கோப்பி என்று பெயர். கட்டியிலிருந்து துளிச் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, பக்கத்தில் எதையெல்லாம் தொட்டிருக்கிறது என்று அதில் தெரியுமாம். உள்ளே படுத்தால் டமடமவென்று சத்தம். எத்தனையோ பழைய செட்டை ரிப்பேர் பார்த்தவன் நான். எர்த் சரியில்லாத ஆம்ப்ளிஃபயர்கூட இப்படிக் கத்தியதில்லை. வெளியே வந்ததும் அங்கிருந்த பெண்ணிடம் அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். வரிசையில் காத்திருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

முடிவுகளை வைத்துக்கொண்டு பேசியவர் ஒரு பெண் டாக்டர். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். புற்றுநோய் என்பதை மறைக்காமல் சொன்னார். அஞ்சலை என் முழங்கையைப் பிடித்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கோபம்தான் வந்தது.

"அப்ப இன்னைக்கே வெட்டி எடுத்துத் தொலைங்கம்மா. எதுக்கு இழுத்துக்கினு இருக்கணும்?" என்றேன்.

"வெட்டலாங்கய்யா. ஆனா கட்டி ரொம்பக் கீழ இருக்கு. மலத்தை அடக்கற தசை ஒன்னு ஆசனவாயைச் சுத்தி இருக்கு இல்ல, அதுக்குப் பக்கத்துல. இப்பவே வெட்டினா அதையும் சேர்த்து எடுக்க வேண்டி வரும். அப்புறம் மலம் வர வயித்துலயே வழி வெச்சு, ஆயுசுக்கும் அங்க ஒரு பைதான். மொதல்ல கட்டியைச் சுருக்கிப் பாக்கலாம்."

சுருக்குவதற்கு இரண்டு வேலை ஒன்றாக நடக்கும் என்றார். ஒன்று, ஐந்து வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கதிர்வீச்சு. எங்கள் ஊரில் இதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். இன்னொன்று, அந்த நாட்களில் காலையும் இரவும் சாப்பிட்டதும் போட்டுக்கொள்கிற கீமோ மாத்திரை. மாத்திரை கட்டியை இளக்கிக் கொடுக்கும், அதன்மேல் கரண்ட் நன்றாகப் பிடிக்கும், தனித்தனியாகக் கொடுப்பதைவிட இரண்டும் சேர்ந்தால் பலம் ஜாஸ்தி. முடிந்ததும் சில வாரம் ஆறவிட்டு, மறுபடி எம்.ஆர்.ஐ., அதன் பிறகு ஆபரேஷன். "ஒரே ஒரு விஷயம்" என்று விரலை நீட்டினார். "நடுவுல நாள் விடக் கூடாது. விட்டா கட்டிக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்த மாதிரி."

சாவைப் பற்றிய பயத்தைவிட அந்தப் பைதான் என்னை ஆட்டியது என்றால் நம்புவீர்களா? ஏணி போட்டுப் புளிய மரத்தில் ஏறி ஹார்ன் கட்டுகிறவன் நான். பந்தியில் நாலு பேருக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுகிறவன். வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு எந்தப் பந்தியில் போய் உட்காருவேன்? அதனால் பஸ்ஸில் திரும்பும்போதே அஞ்சலையிடம் சத்தியம் வாங்கினேன். ஊரில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. மூலத்துக்கு ஸ்பெஷல் வைத்தியம், அவ்வளவுதான். நல்ல காரியத்துக்குச் செட் போடுகிற தொழிலில், கேன்சர்காரன் என்று பேர் விழுந்தால் யார் கூப்பிடுவார்கள்?

"எந்தம்பிக்குக் கூடவா சொல்லக் கூடாது?"

"ஒந்தம்பிக்குத்தான் முக்கியமா சொல்லக் கூடாது."

அவள் தம்பி ஏழுமலைதான் என் தொழிலில் கூட்டாளி. சின்ன வயதிலிருந்து என்னோடு ஒயர் இழுத்தவன். அவனுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. அழுதே காட்டிக்கொடுத்துவிடுவான். செட்டையும் வண்டியையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டு நான் சேலத்துக்கு நடையாய் நடக்கத் தொடங்கினேன்.

அது இடஒதுக்கீடு கேட்டு எங்கள் வட மாவட்டங்களில் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். முகக்கவசத்தையும் இன்னும் யாரும் கழற்றவில்லை. கொரோனாவில் கல்யாணங்களெல்லாம் சுருங்கி, ஹார்ன்கள் பரணில் ஒட்டடை பிடித்துக் கிடந்தன. போராட்டம்தான் எங்களுக்கு மறுபடி ஆர்டர் கொடுத்தது. ஏழுமலைக்கு அது வெறும் ஆர்டர் இல்லை. அவன் பெண் நல்ல மார்க் எடுத்தும் நர்சிங் சீட் கிடைக்காமல் வீட்டில் இருந்தாள். அந்த ஆற்றாமையில், செட் கட்டின இடத்திலேயே அவனும் உட்கார்ந்து கோஷம் போட்டுவிட்டு வருவான்.

காலையில் டவுன் பஸ்ஸில் சின்னசேலம், அங்கிருந்து சேலம் வண்டி. அஞ்சலை ஒரு நாள்கூட என்னைத் தனியாக விடவில்லை. குழைய வடித்த தயிர்சாதம், ஒரு துண்டு, மாற்று லுங்கி, இரண்டு பாட்டில் தண்ணீர் என்று ஒரு கட்டைப்பை. தண்ணீர் எதற்கு என்று சொல்ல வேண்டும். கரண்ட் வைக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது சிறுகுடலை மேலே தள்ளி, கதிர் படாமல் காப்பாற்றும். அதனால் ஒருமுறை போய்விட்டு வந்து, தண்ணீரைக் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மெஷினில் படுத்தபின் வேலை சில நிமிஷம்தான். வலியே கிடையாது. மெஷின் சத்தமும் பரவாயில்லை, அடங்கின குரல்தான். காத்திருப்பதுதான் பாடு.

அந்த வராந்தாவில் என்னோடு தினமும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவள் சின்னப்பொண்ணு. கல்வராயன் மலையில் கரியாலூருக்கு மேலே அவள் ஊர். கர்ப்பப்பை வாயில் புற்று. தினமும் மலை இறங்கி வர முடியாதென்று ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ஒரு தர்ம விடுதியில் தங்கியிருந்தாள். "அண்ணா, எனக்குக் கழுத்து வரைக்கும் வந்துடுச்சு, ஒனக்கு?" என்று கேட்பாள். "எனக்கு மூக்கு வரைக்கும்" என்பேன். அஞ்சலை எங்கள் இருவரையும் அதட்டுவாள். சிரித்தால் காரியம் கெட்டுவிடும்.

மூன்றாவது வாரத்திலிருந்து உடம்பு பேச ஆரம்பித்தது. வயிற்றுப்போக்கு. மூத்திரம் போனால் எரிச்சல். உட்காரும் இடம் புண்ணானது. மாத்திரையால் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று அஞ்சலை டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன களிம்பைத்தான் தடவினாள். பஸ் சீட்டில் எனக்காக அவள் ஒரு பழைய தலையணையை மடித்துப் போடுவாள். யாராவது பார்த்தால், "மூலம்ங்க" என்று அவளே முந்திக்கொண்டு சொல்வாள். பொய் சொல்லத் தெரியாதவள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இதற்குள் எனக்கு எல்லாம் பழகி, புத்திசாலித்தனமும் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் போய்க் குடித்துக் காத்திருப்பதற்குப் பதில், வாழப்பாடி ஸ்டாண்டில் இறங்கிப் போய்விட்டு வந்து, பஸ்ஸிலேயே குடிக்க ஆரம்பித்தேன். சேலம் சேர்வதற்கும் மூத்திரப்பை நிறைவதற்கும் சரியாக இருக்கும். அஞ்சலை வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

நாலாவது வாரத்தில் ஒரு நாள். வாழப்பாடியில் பாட்டிலைக் காலி பண்ணினேன். வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. முன்னால் லாரி, பஸ், கார் என்று வரிசை. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"மறியல். எப்ப வுடுவாங்கன்னு தெரியல. அவசரம் இருக்கறவங்க எறங்கிக்கலாம்."

என்னைவிட அவசரம் உள்ளவன் அந்தப் பஸ்ஸில் யார்? நேரம் போகப் போக வேர்த்தது. ஓரமாக ஒதுங்கிப் போய்விடலாம். ஆனால் போய்விட்டால் மறுபடி குடித்து அடக்கத் தெம்பு இருக்குமா, மெஷின் நேரம் இருக்குமா என்று பயம். ஒரு நாள் விட்டால் கட்டிக்கு மூச்சு வாங்க நேரம். அப்போதுதான் தூரத்திலிருந்து அந்தக் கோஷம் என் காதில் சரியாக விழுந்தது. ஹார்ன்களில் ஒன்று மட்டும் 'ர'வில் கரகரவென்று இழுத்தது. அந்தக் கரகரப்பை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வேன். காசு வரட்டும், உள்ளே அதிர்கிற டயாஃப்ரத்தை மாற்றலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஹார்ன்.

"அஞ்சல, அது நம்ம செட்டு!"

அவள் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நான் அவள் பின்னால் அடி மேல் அடி வைத்து நடந்தேன். ரோட்டின் குறுக்கே ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் போலீஸ். எங்கள் வண்டியின் மேல் நாலு ஹார்ன். கீழே மைக்கும் கையுமாக என் மச்சான் ஏழுமலை. எங்களைப் பார்த்ததும் கோஷத்தைப் பாதியில் விட்டான்.

"இன்னா மாமா, இங்க? மூலத்துக்குத்தானே போய்க்கினு இருக்க? இன்னைக்கு ஒரு நாளு வுட்டுட்டு நாளைக்குப் போயேன். இவங்க வுட மாட்டாங்க, நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க. காலையிலயிருந்து ஆளாளுக்கு ஒரு அவசரம் சொல்லிக்கினு வர்றாங்க."

நான் வாயைத் திறந்தேன். எத்தனையோ மேடையில் 'ஹலோ மைக் டெஸ்டிங்' சொன்ன வாய். முந்நூறு பேர் பார்க்க எந்த இடத்தில் நோய் என்று சொல்வேன்? அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். தம்பி கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் மைக்கைத் துடைத்து வைத்திருக்கிறாள், பேசியதில்லை. என் பக்கம் திரும்பி, "இது கேக்குதாங்க?" என்றாள். அதுவே நாலு ஹார்னிலும் கேட்டது.

"நான் இந்த ஏழுமலையோட அக்கா. நைனார்பாளையம். இவுரு எங்க வூட்டுக்காரரு. இவுருக்கு மூலம் இல்ல. ஆசனவாய்க்கு மேல கேன்சர் கட்டி. தெனமும் சேலத்துல கரண்ட் வெக்கறாங்க. ஒரு நாளு வுட்டாலும் கட்டி சுருங்காது. சுருங்கலன்னா பின்பக்கத்த அடைச்சுட்டு வயித்துல பை வெச்சுடுவாங்க, ஆயுசுக்கும். அவுருக்கு அது புடிக்கல. எனக்கு அவுரு இருந்தா போதும், பை இருந்தா இன்னா இல்லாட்டி இன்னா. ஆனா அவுருக்குப் புடிக்கல. நீங்க கேக்கறது நாயம்தான், ஒக்காந்துக்கினே இருங்க. எங்கள மட்டும் வுடுங்க. சாமிங்களா, மூத்திரத்த வேற அடக்கிக்கினு நிக்கிறாரு."

யாரோ ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் எல்லாரும் எழுந்தார்கள். நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. எல்லாரும் ரோட்டைத்தான் பார்த்தார்கள், எந்தப் பக்கம் வண்டி போகும் என்று.

"இந்த வண்டியிலயே கூட்டிக்கினு போடா தம்பி" என்றார் பெரியவர்.

"மைக்கு இதுலதானே இருக்குது?"

"எங்களுக்குத் தொண்டை இருக்குது. நீ கெளம்பு."

ஏழுமலை அழுதுகொண்டே வண்டியை எடுத்தான். முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவன் கை ஸ்டியரிங்கில். மைக்கை அஞ்சலை பிடித்துக்கொள்ள, "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று வழியெல்லாம் கத்தினான். நடுநடுவே மைக்கை மறந்துவிட்டு, "எங்கிட்ட ஏன் மாமா சொல்லல? நான் இன்னா அந்நியமா?" என்று கேட்டான். அதுவும் அயோத்தியாப்பட்டணம் முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு வேகத்தடையிலும் எனக்கு உயிர் போய் வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னப்பொண்ணு எழுந்து நின்றாள். அன்றைக்கு அவளுக்குக் கரண்ட் வைத்து எப்போதோ முடிந்திருந்தது. "அந்த அண்ணன் வரும், மூடிடாதீங்கன்னு சொல்லிக்கினே இருந்தேன்" என்றாள். மெஷினில் படுக்க வைத்துப் படம் பிடித்துப் பார்த்த பையன், "ஐயா, இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் மூத்திரப்பை ஒழுங்கா நெறஞ்சிருக்கு" என்றான்.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. யாராவது செல்லில் பிடித்திருக்க வேண்டும். மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். நான் சாப்பிடக் கூடாத எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள்: முருங்கைக்கீரை, நார்த்தங்காய், ஒரு கூடை கொய்யா. கிழங்குக்கார அம்மா வெறுங்கையோடு வந்து அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். காதுகுத்துக்கு ஆர்டர் சொல்ல வந்த ஒருவர், "நீ தேறி வா. நீயே வந்து கட்டு. அது வரைக்கும் கொழந்த காது எங்க போவப்போவுது?" என்றார். அவர் போனபின் கொல்லைப்பக்கம் போய் நான் அழுதேன். மீதி நாட்கள் முழுக்க ஏழுமலையே தினமும் வண்டியில் கூட்டிப்போனான். நான் ஒரு நாளும் விடவில்லை.

கரண்ட் முடிந்து, புண்ணெல்லாம் ஆறி, கிட்டத்தட்ட இரண்டு மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டர். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். படத்தில் தெரிவது ஒன்று, உள்ளே போனால் கையில் படுவது ஒன்று. தசையைக் காப்பாற்ற முடியுமா என்பது ஆபரேஷன் டேபிளில்தான் தெரியும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு நர்ஸம்மா வந்தார். என்னை உட்கார வைத்து, நிற்க வைத்து, குனியச் சொல்லி, நீலப் பேனாவால் வயிற்றில் இரண்டு வட்டம் போட்டார். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

"எதுக்கும்மா ரெண்டு?" என்றாள் அஞ்சலை.

தசையைக் காப்பாற்றிக் குடலை உள்ளேயே தைத்துவிட்டால், தையல் ஆறும் வரை வலப்பக்கம் ஒரு பை. சில மாதத்தில் அதை மூடிவிடலாம். காப்பாற்ற முடியாவிட்டால் இடப்பக்கம். அது நிரந்தரம். அஞ்சலை இரண்டு வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சட்டையை இறக்கிவிட்டு, பொத்தானையும் அவளே போட்டுவிட்டாள்.

கண் விழித்தபோது தொண்டை காய்ந்து ஒட்டியிருந்தது. ஏதோ மெஷின் சீராகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் டிரிப்ஸ், மறு கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை. பட்டை கட்டின கையை மெதுவாக அசைத்தேன். போர்வைக்குள் விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாம். தொடவில்லை. தொடத் தைரியம் இல்லை. நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை.

ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். பச்சைக் கவுனும் தொப்பியும் முகக்கவசமுமாக அஞ்சலை வந்தாள். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அழுத கண்கள். எதற்காக அழுதாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அவளையே பார்த்தேன். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, முகக்கவசத்தை இறக்கி, என் காதோடு வாயை வைத்தாள்.

"சோத்துக்கைப் பக்கம்ங்க."

கேட்காதவன் மாதிரி விழித்தேன். நன்றாகவே கேட்டிருந்தது. இன்னொரு தடவை அவள் வாயால் கேட்க வேண்டும் என்று ஆசை. அஞ்சலை நிமிர்ந்தாள்.

"சோத்துக்கைப் பக்கம்ங்க!" என்றாள். வார்டு முழுக்கக் கேட்டது.